ஆலைவாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை

சனிக்கிழமை. விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
இஸ்திரியாவில், மிர்னா ஆற்றங்கரை ஓக் காட்டில்
நானும் பூராவும்.
மலையிறங்கி வரும் வடகிழக்குக் காற்றுக்கு
இங்கே அதுதான் பெயர்.
குட்டியாய் வந்த அன்றே திரைச்சீலையைக் கிழித்து
அந்தப் பெயரைத் தானே எடுத்துக்கொண்டாள்.

வேர்ச்சந்தில் மூக்கை நுழைத்து
மண் பறக்கத் தோண்டினாள்.
நான் மண்டியிட்டு எடுத்தேன்,
கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளை ட்ரஃபிள்.
அதை இடப்பையில் போட்டு
பிஸ்கட்டுக்காக வலப்பைக்குள் கைவிட்டபோதுதான்
தலைவிளக்கின் வட்டத்தில் தெரிந்தது:
ஈரச் சருகில் சிவப்பு.
ஒரு சொட்டு, இன்னொன்று,
அப்புறம் எண்ணுகிற மாதிரி இல்லை.

எவனோ குடித்து உடைத்துப்போட்ட பீர் பாட்டில்.

என் மூச்சு மேலேறியது.
அவள் காதுகள் பின்னால் படிந்தன.
மூச்சைக் கீழே இறக்கினேன்.
ஒரு காது மட்டும் பாதி எழுந்தது.
சரி,
விஷயம் இவ்வளவுதான் போலிருக்கிறது.

"ரொட்டி தீர்ந்துவிட்டது பூரா," என்றேன்,
கடைக்காரரிடம் பேசுகிற குரலில்.
"எதிர்வீட்டு எர்மினியோவின் கார் இன்னும் புகைகிறது."
பேசிக்கொண்டே கழுத்துத்துணியை அவிழ்த்து
அவள் வாயைச் சுற்றிக் கட்டினேன்,
மூச்சுக்கு இடம் விட்டு.
நீ கடிக்கமாட்டாய், எனக்குத் தெரியும்.
உன் பல்லுக்குத் தெரியாதே.

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதும் பாதத்துக்குப் போனது.
நடுமெத்தையில் பிறை போல ஒரு வெட்டு.
உள்ளே கண்ணாடி மின்னவில்லை.
விரலிடுக்குகளிலும் பார்த்தேன், இரண்டு முறை.
கைக்குட்டையை மடித்து வைத்து அழுத்தினேன்.

பத்து நிமிடம். இடையில் தூக்கிப் பார்க்கக்கூடாது.
பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.
கடிகாரம் கட்டும் பழக்கமில்லை. போன் காரில்.
ஆனால் வார நாட்களில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இருட்டுக்குள்ளேயே வண்டியை எடுத்தேன்.

மர ஆலைவாசல்: வீட்டோ ஏறினான், ஷூ லேஸ் கட்டாமல்.
பாலத்தடி: யாருமில்லை. இருந்தாலும் நின்றேன்.
மூன்றாவது திருப்பம்: மர்ச்சான் வீட்டு இரட்டையர்,
வழக்கம்போல் தாமதம்.
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தேன்.
கைக்குட்டை வெதுவெதுப்பாய் நனைந்துகொண்டே வந்தது.
பார்க்கவில்லை.
பின்பக்கக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி மனசு இழுக்கிற
திருப்பங்களில்தான்
சாலையைப் பார்த்தாக வேண்டும்.
திராட்சைத் தோட்டம். கல்லறை மேடு.
தேயா அவளைவிடப் பெரிய செல்லோவோடு
படியில் சிக்கிக்கொண்டாள்; அதற்கு அரை நிமிடம்.
பெட்ரோல் பங்க். மருந்துக்கடை.
பள்ளிக்கூடம்.

கதவைத் திறந்தேன்.
துணியையும்.

கசிவு மட்டும்தான்.

என் வலக்கால் காலுறை அவளுக்கு உறையானது.
மண்வெட்டிக் கைப்பிடியில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்து
ஒரு விரல் நுழையும் தளர்வில் சுற்றினேன்.
பதினாறு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு
பூட்ஸுக்குள் வெறுங்காலோடு
மேடேறினேன்.
மண்வெட்டி அங்கேயே கிடக்கிறது.

பூசெட்டில் டாக்டர் லொரெடானா
பைஜாமாவின் மேல் கோட்டு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.
மரத்துப்போக ஊசி, பிறகு நான்கு தையல்.
"எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாய், ஒண்டினா?"
"ஆலைவாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை."
அவள் மகனும் என் பேருந்தில்தான் வருகிறான்.
தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்.

அப்புறம்தான் என் முழங்கால்கள் தந்தியடித்தன.
எந்த நிறுத்தத்தில் இத்தனை நேரம் நின்றதோ அந்தப் பயம்,
சீட்டு வாங்காமல் ஏறி
பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தது.
உட்காரட்டும் என்று விட்டேன்.
இனி ஓட்ட வேண்டியது எதுவுமில்லை.

அறை முழுக்க ட்ரஃபிள் வாசம்.
கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்தபடி
பூரா மூன்று காலில் வந்தாள்.
மூக்கால் என் இடப்பையைத் தொட்டாள்,
பிறகு வலப்பையை.
பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
அந்தப் பார்வையில் காலைப் பற்றி ஒன்றுமே இல்லை.

கண்டுபிடித்துக் கொடுத்தேனே,
என் பிஸ்கட் எங்கே?