உயரம்

ஹகொடாதே நிலையத்துக்குப் பின்னால்
பழைய சாமான் கடையின் உடைசல் கூடையில்
ரிமோட்டுகளுக்கும் வயர்களுக்கும் அடியில் கிடந்தது அந்த லென்ஸ்.
ஐந்நூற்றைம்பது யென்.
சீட்டில் எழுதியிருந்தார்கள்:
பூஞ்சை உண்டு. வளையம் சுழலாது. திருப்பி வாங்க மாட்டோம்.
இவ்வளவு நேர்மையாக
யாரும் என்னிடம் அறிமுகமானதில்லை.

கண்ணாடி தேநீர் நிறம்.
தோரியம் கலந்த பழைய வார்ப்பு, நாள்பட்டால் மஞ்சளாகும் என்றேன்.
டாக்டர் நருமி நாற்காலியோடு பின்னுக்கு உருண்டார்.
எக்ஸ்ரே அறைக்குள் சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டையை
ஒரு வாரம் அதன் அருகில் வைத்துப் பார்த்தார்.
பிறகு எதுவும் சொல்லவில்லை.
தன் மதியச் சோற்றை மட்டும்
வேறு அலமாரிக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் அச்சு எடுப்பார், நான் பல் செய்வேன்.
என் மேசையில் இல்லாத ஆயுதம் இல்லை.
காரை சுரண்டும் கொக்கிகள் இரண்டும்
முன்வளையத்தின் இரு பள்ளங்களில் போய் உட்கார்ந்தன,
அதற்கென்றே அடித்ததுபோல.
பூஞ்சையை எனக்குத் தெரியும்:
ஈறோரம் படர்வதும் இதே பொறுமையோடுதான்.
வாய் கொப்பளிக்கத் தரும் பெராக்சைடு, பஞ்சில் இரண்டு துளி.

கிரீஸ், பாகு முற்றிய பதம்.
மரைகள் பிரிகிற அந்தக் கணத்தில்
ஊசியால் ஒரு கோடு கிழித்துவிட வேண்டும்;
இல்லையேல் திரும்பப் பூட்டும்போது
ஆறு வாசலில் எது நம் வாசலென்று தெரியாது.
கிழிக்கப் போனேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு கோடு.
பக்கத்தில் இன்னொன்று, குறுக்கே அடித்தது.
எனக்கு முன் திறந்தவர்
ஒருமுறை தவறியிருக்கிறார்.
யாரென்று தெரியாத அவர்மேல்
அன்று முழுக்க ஒரு பிரியம்.

அபர்ச்சர் வளையத்தை 'டிக்' என்று சொல்லவைக்கிற எஃகு உருண்டை,
கடுகில் பாதி,
துள்ளி எங்கோ போனது.
மூன்றாம் நாள்
யாரோ ஒருவரின் கீழ்த்தாடை அச்சில்
கடைவாய்ப் பள்ளத்தில் அகப்பட்டது.

பிப்ரவரி முழுக்க ஜன்னலில் வைத்தேன், அடியில் அலுமினியத் தாள்.
இங்கே வெயில் தருவதைவிட
பனி திருப்பித் தருவது அதிகம்.
இருபத்தாறு நாளில்
மஞ்சள் போன வழி தெரியவில்லை.

தபாலில் வந்த அடாப்டரைப் பூட்டினேன்.
பூனை தெளிவு. எதிர்வீட்டுத் தொட்டிச்செடி தெளிவு.
மலை இல்லை, கப்பல் இல்லை, நிலா இல்லை.
வளையத்தில் படுத்திருக்கும் எட்டுவரை திருகியும்
முடிவிலி கொஞ்சம் தள்ளியே நின்றது.

ஜூனில் கணவாய்ப் படகுகள் விளக்கேற்றின.
பல்பு ஒவ்வொன்றும் ஓர் ஒளித்தட்டாகி
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து
ஜலசந்தி முழுக்கக் கூட்டம், சந்தைக்கூட்டம்.
அழகாகத்தான் இருந்தது.
தொழில் விடவில்லை. உயரம் என்றால் உயரம்தான்.

பல் கட்டியதும் நீலத்தாளை இடையில் வைத்து
'கடியுங்கள், தட்டுங்கள்' என்போமே,
அந்தத் தாளையே வைத்து
கேமராவையும் அடாப்டரையும் கடிக்கவிட்டேன்.
ஒரு ஓரம் மட்டும் அடர்நீலம்.
கண்ணாடிப் பலகைமேல் மணல்தாளை விரித்து
எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்த்தேன்,
எட்டாத எட்டுக்காக.
ஒரு மயிரிழை. துடைத்துப் பார்த்து, இன்னொன்று.

அன்றிரவு கடற்சுவரில் முக்காலி.
தட்டுகள் சுருங்கிப் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்து வரிசைகள்.
வரிசைகளை எண்ணினேன். நான்கு.
இத்தனை நாள் நான் பார்த்த கூட்டம்.
பெரிதாக்கியபோது நான்கில் ஒன்று
படகுத்துறை முனையில் நிற்கும் குளிர்பான இயந்திரம்.

நொதொயாவுக்குப் படத்தை அனுப்பினேன்,
மே மாதம் மேல்வரிசை கட்டிக்கொண்ட படகுக்காரர்.
விடிந்தபின் பதில் வந்தது:
இடது ஓரத்தில் இருப்பது நான்.
ராத்திரி முழுக்க இருபத்தொரு கணவாய்.

சற்று நேரம் கழித்து மறுபடியும்:
வலது கடைவாய்
இன்னும் கொஞ்சம் உயரம்.