வலது இடுப்புக்குக் கீழே ஒரு பை

காலை எட்டு நாற்பது, முனீர்க்கா மெட்ரோ.
திரைக்குப் பின்னால் மரப்பலகை மேல் ஏறி
கைகளை விரித்து நிற்கிறேன்,
ரவிக்கைக்கு அளவு கொடுப்பவள்போல.
சுனைனா தஹியாவின் கைகள்
தோளில் தொடங்கி விலாவில் இறங்கி
வலது இடுப்புக்குக் கீழே நிற்கும்.
"இதுல என்ன?"
வேர்க்கடலை. வீட்டுச் சாவி. மடித்த கைக்குட்டை.
முந்தாநாள், எடுத்து வைக்க மறந்த ஒரு பாபின்.
கருவி கத்தியது அதற்குத்தான்.

"பொம்பளைத் துணிக்கு எந்தக் கடைக்காரன்
இவ்வளவு ஆழமா பை வைக்கிறான்?"
அவள் ஹரியானா இந்தியில் கேட்டதற்கு
தமிழில் யோசித்து இந்தியில் சொன்னேன்:
நானே தைத்தது.
விடவில்லை அவள். கீழோரத்தைத் திருப்பி
உள்பக்கம் பார்த்தாள்.
வரிசை முணுமுணுத்தது.

உள்பக்கம் பார்க்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.
வெளியே நேராக ஓடுகிற தையல்
எங்கெங்கே தடுக்கி விழுந்தது
எத்தனை தரம் பிரித்தேன்
எந்த இடத்தில் அடுப்பில் பால் பொங்கியது
எல்லாம் அங்கே இருக்கிறது.

கடை எனக்கு மூன்றே எழுத்து வைத்திருந்தது.
எஸ்ஸில் மூச்சு முட்டும்.
எம்மில் அக்குள் பிடிக்கும்.
எல்லில் நான் வாடகைக்கு இருந்தேன்.
இடது தோள் வலதைவிட முக்கால் அங்குலம் இறக்கம்.
நாற்பத்தொரு வருஷம் கூடவே இருந்தும்
அளவு நாடாவைப் பிடித்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் குர்தாவில் தலை நுழையவில்லை.
அடுத்ததில் நுழைந்தது, வெளியே வரக் கத்தரி தேவைப்பட்டது.
ஒரு சல்வாருக்கு இரண்டுமே இடது கால்.
அதையும் உடுத்திக்கொண்டு போனேன், ஒரு புதன்கிழமை,
தணிக்கைப் பிரிவு மொத்தமும் என் நடையைப் பார்க்கும் என்று.
ஒருவரும் பார்க்கவில்லை.
இரண்டு இடது காலோடு ஒருத்தி
சாயங்காலம் வரை
அடுத்தவர் கணக்கில் பிழை தேடினாள்.

நேரு பிளேஸில்
லேப்டாப் திறந்து கிடக்கும் மேசைகளைத் தாண்டினால்
தான்தானாய்த் துணி.
"மேடம், அது ஜன்னல் திரைக்குள்ளது" என்பார் குர்பக்ஷ்.
நான்தான் ஜன்னல் என்று சொல்லலாம்.
என் இந்தி அவ்வளவு தூரம் போகாது.
இரண்டரை மீட்டர் போதும் என்பேன்.

இப்போது ஏழு நாளும் என் துணிதான்.
கடையில் வாங்கியதில் ஒரு சட்டை மட்டும் மிச்சம்,
காஜா எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க.
காலரைப் பிரித்தபோது
உள்ளே ஒரு முடிச்சு, கோணலாய், அவசரமாய்,
என்னுடையதைப் போலவே.
எந்த ஊரில் எந்த ஷிஃப்டில் இருந்தாளோ.
அதற்கு மேல் பிரிக்க மனசு வரவில்லை.

ஜனவரியில், எதிர் நடைமேடை தெரியாத ஒரு காலை,
பைக்குள் ஃபிளானல் வைத்துத் தைத்திருந்தேன்.
தஹியாவின் கை உள்ளே போனது.
நியாயமாய் இரண்டு விநாடி.
ஐந்து வரை எண்ணினேன்.
அன்று பையில் நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை.
"சரி, போங்க" என்றாள்
கையை எடுக்காமல்.

பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்:
"எங்க பேண்ட்லயும் பை உண்டு. விரல் நுழையும், கை நுழையாது."
கொண்டு வாருங்கள், ஆழமாக்கித் தருகிறேன் என்றேன்.
சீருடையில் ஊசி படக் கூடாதாம்.
பின்னால் நின்றவள் கைப்பையால் என் முதுகை இடித்தாள்.

ராத்திரி பதினொன்று. தையல் மிஷினை நிறுத்தச் சொல்லி
கீழ்வீட்டு மனிதர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுகிறார்.
ஃபிளானல் ஒரு முழம் மிச்சமிருக்கிறது.
சீருடைக்கு உள்ளே போடுகிற மாதிரி,
யாரும் திருப்பிப் பார்க்க முடியாத மாதிரி ஒன்று
தைத்துவிடலாம்.
சாக்குக்கட்டியை எடுத்துத் துணிமேல் வைத்த பிறகுதான் உறைத்தது,
தினமும் அளந்தது அவள்.
என்னிடம் அவள் அளவு இல்லை.