எண்பதா, எழுபத்தெட்டா

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று
எங்களிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.
சூபுத் மேட்டுநிலத்தில்
கோழிகூடச் சாய்ந்துதான் நடக்கும்.

ஒன்பது சுருள். சுருளுக்கு எண்பது சுற்று.
சமையல் மேசையில்
ஓஸ்மார் கைப்பிடியைச் சுழற்ற, நான் எண்ணினேன்.
ஆறாவது சுருளில்
லாரிக்காரன் டீசல் பாக்கி கேட்டு வந்துவிட்டான்.
திரும்பி உட்கார்ந்ததும்
அவர் எழுபத்தொன்று என்றார்,
நான் அறுபத்தொன்பது என்றேன்.
அவர் கணக்கிலேயே முடித்தோம்.
இரவெல்லாம் பேச்சில்லை.
காலையில் ரொட்டித் தட்டில் பிசினை ஊற்றி
சுருள்களோடு அந்தச் சண்டையையும் இறுகவிட்டோம்.

காந்தம் அவர் கட்டைவிரலைக் கவ்வியது.
நகம் இன்னும் கறுப்பு.
பாப்லர் பலகையில் நான் இழைத்த இறகுகளில்
ஒன்று மட்டும் இளைத்துப்போக,
மீன்பிடி ஈயத்தை அறைந்து சமன்செய்தேன்.
வால், ஓடாத ரெனோவின் பானெட்.

பிறகு காத்திருந்தோம்,
காற்றாலை செய்தவர்கள் கேட்கக் கூடாததைக் கேட்டு:
கம்பத்தை நிமிர்த்த
காற்றில்லாத ஒரு மணி நேரம்.

பதினோராம் நாள் விடியலில்
புகைபோக்கிப் புகை நேராக எழுந்தது.
அவர் பாதிச் சட்டையோடு டிராக்டருக்கு ஓடினார்.
கம்பிகள் விறைத்தன, கம்பம் எழுந்தது,
நின்றது, சும்மா.
நாய் மட்டும் அண்ணாந்து குரைத்தது.

ஒன்பது மணிக்கு வந்தது காற்று.

இப்போது ஆடு ஈனும் கொட்டகையில்
இரவு முழுக்க ஒரு பல்பு.
படுக்கையறைச் சுவருக்குள் ஒரு முனகல்,
சுற்றுக்கு ஒருமுறை
ஏதோ ஓரிடத்தில் விந்துகிறது.

"தாங்கு உருளையாக இருக்கும்" என்கிறார்
இருட்டில்.

எழுபத்தெட்டு, என்கிறேன்.