நாலு நாள்

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு.
ஜன்னலுக்கு வெளியே தேமா துறைமுகத்தின் கிரேன்கள்
விளக்குப் போட்டுக்கொள்ளும் நேரம்.
நான் உள்ளே நுழைந்தால்
எனக்கு முன்பாக வெங்காய வாடை நுழைந்திருக்கும்.
பகலெல்லாம் அஜென் கொட்டோக்கு சந்தையில்
மூட்டை எண்ணுகிறவள் நான்.
மூன்று தடவை சோப்புப் போட்டாலும்
விரல்கள் ஒப்புக்கொள்வதில்லை.
எஃபுவா கொஞ்சம் தள்ளி உட்காருகிறாள்.
தப்பில்லை, நானாக இருந்தாலும் தள்ளித்தான் உட்காருவேன்.

குவான்சா சார் பலகையில் நாலு கட்டம் போடுவார்:
விளைவிப்பவர், மொத்தக் கடை, சில்லறைக் கடை, வீடு.
நடுவே அம்புக்குறிகள்.
ஒரு சாண்கூட இல்லை முதல் அம்பு.
அதற்குள்தான்
நைஜரிலிருந்து புறப்பட்ட லாரி இருக்கிறது,
லாரியின் உச்சியில் மூட்டைகளைக் கட்டிப்பிடித்துக்
குப்புறப் படுத்திருக்கும் கிளீனர் பையன் இருக்கிறான்.

ஏழு வருஷம் அந்தப் பையனாக இருந்தவன்
கடைசி பெஞ்சில் தூங்குகிறான்.

"யாக்குபு,
கால்மியிலிருந்து அக்ராவுக்குச் சரக்கு வர எத்தனை நாள்?"
எழுந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.
"எந்தத் தடவை, சார்?"
வகுப்பு சிரித்தது.
"ஒரு எண் சொல்லு."
"மழைக்கு முன்னாலா, பின்னாலா?
பாகா சாவடியில் யாருடைய ஷிப்ட்?
டயர் புதுசா?"
"எண், யாக்குபு."
"நாலு."
சார் பலகையில் எழுதினார்: நாலு.
நாங்கள் எல்லோரும் எழுதினோம்.

இடைவேளையில், வறுத்த வாழைக்காய் வண்டியருகே, சொன்னான்:
"நாலு நாளில் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன்.
அன்றைக்கு ஹாமிதுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது,
பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான்."
"மற்ற தடவையெல்லாம்?"
"ஆறு. ஒன்பது. ஒரு தடவை பதினேழு.
சார் சங்கிலி சங்கிலி என்கிறாரே,
எனக்குத் தெரிந்த சங்கிலி
சாலைக்குக் குறுக்கே கட்டியிருக்கும்.
அதை இறக்குகிறவன் சாப்பிடப் போயிருப்பான்.
பதினேழாம் நாள் சாக்கின் ஓட்டைகளில்
பச்சைத் தளிர் எட்டிப் பார்த்தது.
கிள்ளிக் கடித்துக்கொண்டுதான்
மரவள்ளி மாவைக் கரைத்துக் குடித்தோம்."
"இதையெல்லாம் சாரிடம் சொல்லியிருக்கலாமே?"
"எண் கேட்டாரே."

தேர்வுக்கு முந்தின வாரம்
என் நோட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன்.
இரண்டு வருஷக் கணக்கு.
லாரி எண், கிளம்பிய தேதி, இறங்கிய தேதி, அழுகல்.
முதலாளி கேட்டு எழுதியதில்லை;
அழுகியதை என் கூலியில் பிடிக்காமல் இருக்க எழுதியது.
கணினி அறையில் மின்சாரம் இரண்டு முறை போனது.
இருநூற்றுப் பதிமூன்று வரிசைகளைத் தட்டி முடித்தபோது
எக்செல் சொன்னது
சராசரி ஏழு புள்ளி மூன்று,
திட்ட விலக்கம் மூன்று புள்ளி ஒன்று.

திட்ட விலக்கம்.
ஒரு பருவம் முழுக்க வாய்பாட்டுக்குள் கிடந்த சொல்
அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சார் நோட்டை நெடுநேரம் புரட்டினார்.
புரட்டிய விரலை
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
மோந்து பார்த்தார்.
"அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இதையே வைத்து நடத்துகிறேன்.
ஆனால் கேள்வித்தாள் அச்சாகிவிட்டது, ஜிஃபா.
அதில் நாலு என்றுதான் இருக்கும்."

இருந்தது. ஆறாம் கேள்வி, ஐந்து மதிப்பெண்.
'தேவை மாறாதது. வந்துசேரும் காலம் நாலு நாள், அதுவும் மாறாதது எனக் கொள்க.
பாதுகாப்பு இருப்பு எவ்வளவு?'

எதுவும் மாறாத உலகத்தில்
எவருக்கும் பாதுகாப்பு தேவையில்லை.
சுழியம் என்று எழுதினேன்.
எனக்கு அந்த ஐந்து மதிப்பெண் வேண்டும்.

பின்னால் யாக்குபுவின் பேனா
நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
கூடுதல் தாள் கேட்டான்.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொன்றும் கேட்டான்.