எட்டே காணும்

பாயான் லெப்பாஸ் ஆலையில் எனக்கு இரவு வேலை.
வெள்ளை அங்கி, கண் மட்டும் தெரியும் முகமூடி.
தட்டுத் தட்டாய் வரும் நினைவக அட்டைகளைச்
சூட்டில் வைத்து, குளிரில் வைத்து,
எழுதிப் படித்து, அழித்து எழுதி,
பொய் சொல்லாததை மட்டும் பெட்டிக்கு அனுப்புவேன்.
நினைவகம் என்று பெயர் வைத்தவர் யாரோ,
மின்சாரம் போன கணம் எல்லாவற்றையும் மறப்பது அதுதான்.
மறக்காததற்கு வட்டு என்று சப்பைப் பெயர்.
ஒரு தட்டில் இருப்பது
என் வீட்டுக்கு நாற்பது வருடம் காணும்.
வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும்.

ரெலாவ், பதினோராம் மாடி.
செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது
காப்புறுதி ஆபீஸ் ஒன்று கழித்துக் கட்டிய கணினி.
நூற்றெண்பது வெள்ளி. எட்டு ஜிபி.
அதற்கு சர்வர் என்று பெயர் வைத்தது தவசீலன்.
பெயர் வைத்ததோடு அவர் வேலை முடிந்தது.

"முப்பத்திரண்டாவது வேணும்" என்றார்,
சோற்றைப் பிசைந்தபடி.
பிராங்கின் மாலில் கடை வைத்திருக்கும் பூன் கியாட்
அறுபத்து நாலுக்குக் குறைந்து வாயே திறக்கவில்லை.
விலை, மகளுக்கு இரண்டு மாத டியூஷன்.

அன்று ராத்திரி கேட்டுப் பார்த்தேன்:
காலி எவ்வளவு?
இருநூறு எம்பி என்றது.
எட்டு ஜிபியில் இவ்வளவுதானா!
அரிசி டின்னின் அடியை டம்ளர் சுரண்டும் சத்தம்
காதில் விழுந்தது.

அடுத்த கட்டத்தைப் பிறகுதான் கவனித்தேன்.
கிடைக்கக்கூடியது: ஐந்தே கால்.
காலி வேறு, கிடைப்பது வேறு.
சும்மா கிடக்கும் இடத்தில்
நேற்றுத் திறந்த கோப்புகளைப் பரத்தி வைத்திருக்கிறது;
யாராவது வந்தால் எடுத்துக்கொள்ளும்,
பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வைத்த
கைப்பை மாதிரி.

கதவுக் கேமராவுக்கு ஒன்றரை.
விளம்பரம் தடுப்பதற்கு வெங்காயத் தோல் அளவு.
மகளின் பாடங்கள், என் சம்பளச் சீட்டுகள்,
எல்லாம் கூட்டினாலும் மூன்றைத் தாண்டவில்லை.

அப்படியென்றால்
விடியற்காலை மூன்று மணிக்கு மட்டும் ஏன் திணறுகிறது?
வட்டு கறகறவென்று பல்லைக் கடிக்கிறதாம்,
கக் ரொகாயா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு
எலியா என்று விசாரித்தார்.

விடுப்பு நாளில் விழித்திருந்தேன்.
மூன்றடித்ததும் எழுந்தது, முகம் தேடும் நிரல்.
பன்னிரண்டாயிரம் படம்.
ஒரு முகத்தை இன்னொன்றோடு வைத்து, எடுத்து,
நாலு ஜிபி, ஐந்து, ஏழு,
இடம் போதாமல் வட்டில் கொட்டி
வட்டிலிருந்து மறுபடி அள்ளி.
முந்தின இரவு கேட்டதற்குப் பதில் வராததால்
ஒவ்வொரு இரவும் முதலிலிருந்து.

கேள்வி திரையில் இருந்தது.
இவர்கள் இருவரும் ஒருவரா?
இடப்பக்கம் நான், தைப்பூசம், மஞ்சள் சேலை.
வலப்பக்கமும் மஞ்சள் சேலை.
பதினேழு நிமிடம் எனக்குப் பின்னால் பிறந்தவள்.
பட்டர்வொர்த்தில் இருக்கிறாள்.
ஆறு வருடமாகப் பேச்சில்லை;
காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்,
ஒரு குக்கர்.

ஆம். இல்லை. பிறகு கேள்.
தவசீலன் 'பிறகு கேள்' அழுத்தியிருக்கிறார்,
முப்பத்தொரு தடவை. என்னிடம் சொல்லவில்லை.

இல்லை என்று அழுத்தினேன்.
உண்மைதானே, இரண்டு பேர்தான்.
இவர் யார், பெயர் இடுக என்றது.
சுகுணவதி.
ஐந்தெழுத்து; கணினிக்கு இருபத்து நாலு பைட்.
ஏழில் நின்ற கோடு மூன்றுக்கு இறங்கியது.
வட்டு வாயை மூடியது.

காலையில் பூன் கியாட்டிடமிருந்து செய்தி:
விலை இறங்கியிருக்கு, எடுத்து வைக்கவா?
வேண்டாம், எட்டே காணும் என்று அனுப்பினேன்.

பாலத்தில் அந்தப் பக்கம் போகச் சுங்கம் கிடையாது.
தீவுக்குத் திரும்பி வரத்தான்
கட்ட வேண்டும்.