ஓரெழுத்து

நாலரை மணி.
லாரியின் பின்கதவு விழுந்த சத்தத்தில்
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாய் மட்டும் எழுந்து
இடம் மாறிப் படுத்தது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பெட்டி.
பெரியாஸ்பத்திரி வாசலில் ஜூஸ் கடை.
நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள்தான் குடிப்பார்கள்,
நோயாளிகள் இல்லை.
அடிபட்ட பெங்களூரா போதும்.
அடிபட்டது மிக்ஸிக்குத் தெரியாது.

முன்பெல்லாம் அர்த்தநாரியின் குரலைப் பிடித்துக்கொண்டே
இந்த மண்டிக்கு வந்து சேரலாம்.
ரெண்டு தெரு தள்ளியே காதில் விழும்:
அறுநூறு அறுநூறு அறுநூத்தம்பது...
அந்தக் குரலை மாசி மாதம்
கோயமுத்தூரில் அறுத்து எடுத்துவிட்டார்களாம்.
கழுத்தில் வெள்ளைத் துணியோடு
அதே ஸ்டூல் மேல் நின்றார்.
கையில் அரைக்கிலோ படிக்கல்.

பெட்டியில் ஒரு தட்டு, பத்து ரூபாய்.
ரெண்டு தட்டு, ஐம்பது.
மூன்று தட்டினால்
பேச்சு முடிந்தது, சரக்கு உன்னுடையது.

யாரும் சொல்லவில்லை,
ஆனாலும் மண்டி முழுக்கக் குரல் இறங்கியிருந்தது.
கெட்ட வார்த்தை இல்லாமல் மூட்டை தூக்கத் தெரியாத மாதையன்கூட
உதட்டை மட்டும் அசைத்துத் திட்டினான்.
வியாபாரிகள் விரலால் கேட்டார்கள், புருவத்தால் கேட்டார்கள்,
ஒருத்தர் வேட்டி நுனியைத் தூக்கிக் கேட்டார்.

இத்தனை வருஷம் வந்துபோகிறேன்,
வைக்கோலுக்குள் பழம் நகர்ந்து உட்காரும் ஓசையை
அன்றைக்குத்தான் கேட்டேன்.
பலாக்கள் முள்ளோடு முள் உரசுவதை.
ஏற்காட்டிலிருந்து பட்டர் ஃப்ரூட்டோடு இறங்கிய ராமாயி
இருபது கொண்டை ஊசியிலும் அடக்கி வைத்ததை
சாக்கடை ஓரம் குனிந்து விடுவதை.
அப்புறம் எலெக்ட்ரிக் தராசின் கீச்சு.

சும்மாதான் ஒரு மல்கோவாவை எடுத்து முகர்ந்தேன்.
ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது.
ஓட்டினேன்.
மறுபடி.
இந்த முறை கொஞ்சம் உயரமாகவே கையை வீசி.

டொக். டொக். டொக்.

எல்லாத் தலையும் என் பக்கம்.
ஆறு பெட்டி மல்கோவா.
பத்து நாள் வியாபாரத்தை
ஒரு ஈயை ஓட்டி வாங்கியிருந்தேன்.
'நான் கேக்கலைங்க' என்று சொல்லியிருக்கலாம்.
பேச முடியாத மனுஷன் முன்னால்
வாய் திறக்க வரவில்லை.
தூக்கிய கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

அவர் என்னையே பார்த்தார்.
பில் புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்து எழுதி
கிழித்து நீட்டினார்.

ஈ

எட்டிப் பார்த்தான் கணக்கு எழுதும் தங்கதுரை,
தமிழ் எம்.ஏ.வைப் பாதியில் விட்டவன்.
"ஈன்னா குடுன்னு அர்த்தங்க.
பணத்தைக் குடுங்கறாரு."
நான் அந்த ஈயைத் தேடினேன்,
சாட்சிக்கு.
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால்
என்ன குறைந்துவிடும்?

சிரித்தாரா தெரியவில்லை.
கழுத்துத் துணி ஒருமுறை ஏறி இறங்கியது.
ரெண்டு பெட்டிக்குத்தான் ரொக்கம் இருந்தது.
மீதி நாலைக் காலால் தள்ளி
அடுத்த ஏலத்தில் சேர்த்து
ஒரு தட்டு தட்டினார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில்
பெங்களூரா விலைக்கு மல்கோவா.
குடித்தவர்கள் ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லை.
சாயங்காலம் ஒருத்தி தூக்குப்போசி கொண்டுவந்தாள்.
ஸ்ட்ரா வேண்டாம், ஸ்பூன் இருந்தால் கொடு,
அவருக்கு விழுங்க வராது என்றாள்.
கல்லாவைத் திறந்தேன், சீட்டு மேலாகக் கிடந்தது.
காசே வாங்கவில்லை என்று எழுதினால் பொய்.
பாதி வாங்கினேன்.