அரைப்பேர்

விடியப் பெரட்டுக்கு முன்னாலேயே
பிள்ளைக்காம்பராவில் விளக்கு எரியும்.
சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று
நீலப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியாயிற்று.
எங்கள் வாய்க்கு அது இன்னும் காம்பராதான்.

யதுர்ஷனை இறக்கிவிட்டால்
என் படங்கைப் பிடித்துக்கொள்வான்.
திலகேஸ்வரி டீச்சர் அவனைப் பிடுங்க மாட்டாள்.
"எந்த மலைக்குப் போறீங்கன்னு
இவன்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்பாள்.
ஏழாம் நம்பர் மலை, சாமி.
அந்தா ஒத்தை வாகைமரம், அதுக்குக் கீழே.
பகலெல்லாம் மரத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடுவானாம்.
பனி வந்து அதை மூடினால் மட்டும்
ஓடிப்போய்க் கேட்பானாம்,
அம்மா இன்னும் இருக்காங்களா என்று.

போன புதன்கிழமை மழைக்கு வேலை நின்றது.
நேரத்தோடு இறங்கி வந்து
சன்னல் கம்பி வழியே பார்த்தால்
உள்ளே கொழுந்து நிறுவை.
உடுப்புக் கொழுவும் கம்பி, தராசு.
மார்ஜரின் டப்பா, தட்டு.
கொய்யா இலை, கொழுந்து.
கணக்கப்பிள்ளை என் மகன்.
காதில் பென்சில், குரலில் அந்த அதட்டல்
அச்சு அசலாக.

"பதினெட்டு. தண்ணிக்கு ரெண்டு கழிவு.
கூடைக்கு ஒண்ணு. அரைப்பேர். அடுத்த ஆள்!"

எனக்கு முகம் சுட்டது.
நாலே வயசு.
அதற்குள் என் கூலியைக் குறைக்கப் பழகிவிட்டான்.

டீச்சர் அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு
வரிசையில் கடைசியாய்ப் போய் நின்றாள்.
முறை வந்ததும் கேட்டாள்:
"ஏன் ஐயா ரெண்டு கழிக்கிறீங்க?"
"மழை."
"மழை எவ்வளவு பாரம்? நிறுத்துப் பாத்தீங்களா?"

வாயைத் திறந்தான், மூடினான்.
காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.
பிறகு பன்னிரண்டு பிள்ளைகளும்
மழையை நிறுத்தார்கள்.
நனைந்த இலை ஒரு டப்பா,
டீச்சரின் சேலைத் தலைப்பில் துடைத்த இலை ஒரு டப்பா.
கம்பி சாய்ந்தது, கொஞ்சம்தான்.
"மழை குட்டியூண்டு" என்றாள் ரிஷ்மிகா.

இந்தப் பாடத்துக்கு என்ன பெயரோ.
சனிக்கிழமை சனிக்கிழமை ஹட்டனுக்கு பஸ் ஏறி
தன் காசில் அவள் படித்து வந்த படிப்பில்
எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ.

மறுநாள் தராசடியில் நான் கேட்டேன்.
சத்தமாக இல்லை. கேட்டேன்.
கழிவு குறையவில்லை.
ஆனால் எனக்குப் பின்னால் நின்ற
மாரியாயியும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை யதுர்ஷன்
யானை வரைந்து கொண்டுவந்தான்.
வெள்ளைத் தாள் முடிந்துபோயிருக்கும் போல.
திருப்பினேன்.
பின்பக்கம் டீச்சரின் சம்பளச் சீட்டு.

லயத்து விளக்கடியில் நாலு பேர் கூடிப் படித்தோம்.
கொழுந்து நல்லா விழும் மாதத்தில்
நான் வாங்குவதைவிடக் குறைவு.
பன்னிரண்டு மூக்கும், பன்னிரண்டு அழுகையும்,
பால்மாக் கணக்கும், மூத்திரத் துணியும்,
எழுத்துக்கு முந்தின அத்தனையும்
அவள் தலையில்.
அவளுக்கும் அரைப்பேர்.

ஏழு பேர் ஆபீசுக்குப் போனோம், யானையோடு.
"என்ன, சம்பளத்துக்கா வந்தீங்க?"
"ஆமாங்க."
"உங்க சம்பளமா?"
"இல்லைங்க. டீச்சரோடது."
பெரிய கிளாக்கரின் பேனா நின்றது.
யானையைப் பார்த்தார், தாளைத் திருப்பினார்,
மறுபடி யானையைப் பார்த்தார்.
"பார்ப்போம்" என்றார.
பார்ப்போம் என்பது எங்கள் தோட்டத்தில் ஒரு பருவம்.
மழைக்காலத்தைவிட நீளம்.
அடுத்த வெள்ளியும் வருவோம் என்று சொல்லி வந்தோம்.

திரும்பும்போது காம்பராக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.
கீழே தகரக் குவளை வைத்து
யதுர்ஷன் குந்தியிருந்து சொட்டுகளை எண்ணினான்.
பக்கத்தில் அவளும் குந்தியிருந்தாள்.
ஏழு, எட்டு, ஒன்பது, பதினொண்ணு.

"பத்து எங்கடா?" என்றேன் நான்.
"கழிவு" என்றான்.

டீச்சர் என்னைப் பார்த்தாள்.
பிறகு அவனிடம் மெதுவாய்க் கேட்டாள்:
"யார் கழிச்சா? வா, தேடுவோம்."